தம்பலகாமத்துத் திடல்கள்

திருக்கோணமலைப் பட்டினத்தை விட்டுக் கண்டி வீதியிலே தென்மேற்குத் திசை நோக்கி ஏறக்குறைய 15 மைல் செல்லும் பிரயாணி, வீதியின் இடப்புறத்தே ஒரு காட்சியைக் காண்பான். மார்கழி மாதமாயின் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசிய நெற்பயிர் அலையலையாக விரிந்து கிடக்கும். அப்பசுங்கடலின் நடுவே சிறு சிறு தீவுகள் போலத் தென்னையும் புளியும் மாவும் அடர்ந்த மேடுகள் அங்குமிங்கும் தோன்றும். புதிதாக வருபவர் வாகனத்தை விட்டிறங்கி, "தம்பலகாமம் எங்கே இருக்கிறது?" என்று வழிப்போக்கரை வினவுவதுண்டு. வினவுபவர் நிற்பதே தம்பலகாமந்தான்! ஆயினும் அவர் வினவுவதிலும் தவறில்லை. தெருவும் சந்தியும் வீட்டு வரிசையுமாக அமைந்த ஊர்களையே கண்டு பழகிய கண்ணுக்கு இவ்வூர் எளிதிற் புலப்படாது.

அம்மேடுகளையே இவ்வூரார் திடல்கள் என்பர். வயலில் வெள்ளம் ஏறும்போதும் நனையாத உயர்ந்த நிலத்திலே பத்து இருபது குடும்பங்கள் கூடி வாழ்வது ஒரு திடல். நாயன்மார் திடல், சிப்பித்திடல், குஞ்சடப்பன் திடல், கள்ளிமேடு, பட்டிமேடு, வர்ணமேடு, கூட்டாம்புளி என்று இப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாலே ஊரின் சரித்திரத்திற் பாதி விளங்கிவிடும். பட்டிமேடு மாட்டுப் பட்டி அடைத்த மேடாக இருத்தல் வேண்டும். கூட்டாம்புளியில் நின்ற புளியமரத்தை நாம் கண்டிலோம். பெயர் மட்டும் அதன் நிழலை இன்னும் வைத்திருக்கிறது. அடப்பன் என்பது பழைய பதவிப் பெயர். குஞ்சடப்பன் யார், எக்காலத்தவர் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. ஆயினும் அவர் குடியிருந்த மேடு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பெருநகரங்களில் வீதிகளுக்குப் பெயரிடச் சபை கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். இங்கோ, ஒருவரைப் பற்றி ஊரார் பேசிய பேச்சே பெயராக நிலைத்துவிட்டது.

ஊரின் பெயருக்கும் ஒரு விளக்கம் உண்டு. மழையில் நனைந்த வயலிலே எருமைகளை விட்டு மிதிப்பித்துச் சேறாக்குவதைத் தம்பலடித்தல் என்பர். கமம் என்பது பயிர்த்தொழிலுக்கும் அதற்குரிய நிலத்துக்கும் ஈழத்திலே வழங்கும் சொல். இவ்விரண்டும் சேர்ந்து தம்பலகாமம் ஆயிற்று என்பது ஒரு சாராரின் கருத்து. சொல்லாராய்ச்சியாளர் வேறு கூறக்கூடும். கால் புதையும் அந்தச் சேற்று வயலை ஒருமுறை கடந்து சென்றவருக்கு இவ்விளக்கமே போதும்.

மாரி காலத்திலே ஒரு திடலிலிருந்து மற்றொரு திடலுக்குச் செல்வது சாதாரண காரியமன்று. வரம்புதான் வழி. ஒருவர் பின் ஒருவராகவே நடத்தல் வேண்டும். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் வயலில் இறங்கி வழிவிடுதல் வேண்டும். யார் இறங்குவது என்பதற்கும் முறையிருந்தது. வயதில் மூத்தவருக்கு இளையவரும், தலைச்சுமை உடையவருக்கு வெறுங்கையரும் இறங்குவர். கல்யாணமாயினும் மரணமாயினும் செய்தி வரம்பு வழியேதான் வரும். உறவினரும் அவ்வழியேதான் வருவர். எனவே திடலில் வாழ்வோர் தம்மயலாரைச் சார்ந்தே வாழப் பழகினர். நெருப்பு, உப்பு, தயிருக்கு உறை, பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சி யாவும் திடலுக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும். நாற்று நடவுக்கும் அரிவி வெட்டுக்கும் கூலி பேசாமல், இன்று உன் வயல் நாளை என் வயல் என்று கைமாற்றாக உழைத்தனர்.

இவ்வாறு தனித்தனித் தீவுகளாகக் கிடந்த திடல்களை ஓர் ஊராகப் பிணைத்தவை இரண்டு. ஒன்று குளம், மற்றொன்று கோயில்.

குளம் என்றது கந்தளாய்க் குளத்தை. ஏறக்குறைய 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் உடைய அணையினால் தடுக்கப்பட்டது அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்திலிருந்து அரசாண்ட இரண்டாம் அக்கபோதி இதனைக் கட்டினான் என்பது சரித்திர நூலார் கூற்று. தம்பலகாமத்து முதியவரைக் கேட்டால், குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்துக்கு நித்திய நெல் விளைவிக்க இக்குளத்தைக் கட்டினான் என்பர். அவன் தேவியாகிய ஆடகசவுந்தரி ஏவிய பூதங்கள் மண் சுமந்தன என்றும் கூறுவர். அணையின் பருமனைப் பார்த்தவர்கள் பூதங்களை நினைத்ததிலே வியப்பில்லை. நமக்கு இங்கு முக்கியமானது வேறு. குளம் எதற்காகக் கட்டப்பட்டது என்ற வினாவுக்கு இவ்வூரார் வைத்திருக்கும் விடை, 'கோயிலுக்காக' என்பதே. தம் வயலும் தம் உழைப்பும் கோணநாயகருக்கு உரியவை என்ற எண்ணம் அவ்விடையிலே அடங்கியிருக்கிறது.

நீரைப் பங்கிடுவது இப்பகுதியில் மிகப் பழைய கலை. சோழர் காலத்திலே கந்தளாய்ப் பகுதியில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடைய ஊர் இருந்ததையும், பெருங்குறிப் பெருமக்கள் என்னும் சபையார் அங்கு கூடிக் காரியம் பார்த்ததையும் தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கிறது. பின்னாளில் குளம் தூர்ந்தது, அணை சிதைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1870ஆம் ஆண்டுகளிலே குளம் மீண்டும் திருத்தப்பட்ட பின்னரே மாரிப்போகத்தோடு சிறுபோகமும் நம்பிக்கையுடன் விதைக்க முடிந்தது. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவன் தன் வயல் நிரம்பியதும் மடையை மாற்றாவிட்டால், கடைப்புறத்து வயல் காய்ந்துவிடும். கடைப்புறத்தவனும் தலைப்புறத்தவனும் வேறு வேறு திடலினர். சில வேளைகளில் வேறு வேறு மதத்தினர். ஆயினும் இருவரும் ஒரே நீரைக் குடிப்பவர். நீர்ச் சண்டையில் மண்வெட்டி ஓங்கிய கதைகளும் இங்குண்டு. அவற்றை மறைப்பதற்கில்லை. சண்டை தீர்ந்த கதைகளே மிகுதி என்பதையும் கூறத்தான் வேண்டும்.

விதைப்புத் தொடங்கியதும் பட்டி மாடுகளையும் எருமைகளையும் வயலை விட்டு அகற்றிக் காட்டோரத்து மேய்ச்சல் நிலங்களுக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடை முடியும் வரை இளைஞர் சிலர் அங்கேயே வாடி அமைத்துத் தங்குவர். பாலும் தயிரும் அங்கிருந்து வரும். வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் கதிர்களைச் சூடாகக் குவித்து வைத்துக் களவெட்டியிலே எருமைகளைப் பிணைத்து மிதிப்பிப்பார்கள். இரவெல்லாம் நடக்கும் வேலை அது. களத்திலே நெல்லை நெல்லென்று சொல்லல் ஆகாது. பொலி என்றே சொல்லல் வேண்டும். சுளகு அங்கே குல்லம் ஆகிவிடும். மூன்று கால் நட்ட அவுரியின்மேல் ஏறி நின்று, காற்று வீசும் பக்கம் பார்த்துக் குல்லத்தைச் சரிப்பவன் குரலெடுத்துப் பொலி பாடினால் அடுத்த திடலில் உறங்குவோருக்கும் கேட்கும். இன்று பெரும் இயந்திரம் வயலில் இறங்கி ஒரு காலைப்பொழுதில் வெட்டி, அடித்து, தூற்றிச் சாக்கில் இட்டுவிடுகிறது. உழவனின் முதுகு பிழைத்தது. அது பெரிய நன்மை. களவெட்டிச் சொற்கள் மாத்திரம் வேலையில்லாமல் நிற்கின்றன.

இனிக் கோயிலைப் பற்றிக் கூறுவோம். திருக்கோணமலைக் குன்றின் உச்சியில் விளங்கிய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டிலே இடித்தனர். அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இடிபடுமுன் அடியார்கள் சில திருவுருவங்களை எடுத்துச் சென்று காட்டிலும் மலையிலும் ஒளித்து வைத்து வழிபட்டனர் என்றும், பின்னர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் காலத்திலே தம்பலகாமத்தில் ஆலயம் அமைந்தது என்றும் கர்ணபரம்பரை கூறுகிறது. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாக்கரையில் இறங்கிய ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயனைச் சிறைபிடித்துச் சென்றவர்கள் இவ்வரசனின் ஆட்களே என்பது மாணவர் அறிந்தது. திருக்கோணமலைப் பகுதியின் கரைவரைக்கும் கண்டியின் கை நீண்டிருந்த காலம் அது. ஆதலால் அக்கர்ணபரம்பரையை வெறுங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை.

இவ்வாறு நெல் விளையும் வெளியின் நடுவே எழுந்ததே ஆதிகோணநாயகர் ஆலயம். கோயிலோடு அதன் தொழும்புமுறையும் வந்தது. தானத்தார், வரிப்பத்தார் என்போருக்குரிய கடமைகளைக் கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் விரிவாகக் கூறுகிறது. பூவெடுப்பது, மாலை தொடுப்பது, விளக்கேற்றுவது, நெற்குற்றுவது என்று சிறியதும் பெரியதுமாய்த் தொழில்கள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. இப்பங்கீட்டிலே உயர்வு தாழ்வு இல்லையென்று கூறினால் அது உண்மையன்று. சாதி வரம்பு வயல் வரம்பைவிட உறுதியாக இருந்த காலத்தின் ஏற்பாடு அது. ஆயினும் ஒரு பயன் இருந்தது. திடலுக்குத் திடல் பிரிந்து கிடந்த குடும்பங்களுள் ஏதேனும் ஒன்று வராவிட்டால் திருவிழா குறையுறும். ஆகவே மனத்தாங்கலுற்று ஒதுங்கியிருந்தவனையும் திருவிழா நெருங்கும்போது அழைத்து வந்தாக வேண்டியிருந்தது. ஊர்ப்பகைகள் கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்திலே தீர்ந்தது அதனாலேதான்.

கோணநாயகரோடு பாலம்போட்டாற்றுப் பத்தினி அம்மனையும் மறத்தல் ஆகாது. கண்ணகி வழிபாட்டின் வழிவந்த அக்கோயிலின் பொங்கலுக்குத் திடல்கள் யாவும் திரளும். பத்தினித் தெய்வம் சிங்கள மக்களுக்கும் உரியவள். எல்லையோரத்து ஊர்களிலே இது சிறிய செய்தியன்று.

இவ்வூரார் நெல்லை மாத்திரம் அறிந்தவர் என்றெண்ணினால் தவறு. வெருகல் சித்திரவேலாயுதர் காதல் என்னும் பிரபந்தத்தைப் பாடிய வீரக்கோன் முதலியார் தம்பலகாமத்தவரே.

சிப்பித்திடல் என்ற பெயரை மேலே கண்டோம். வயல் நடுவே சிப்பிக்கு என்ன வேலை? வயல்வெளியின் கிழக்கே தம்பலகாமக் குடா இருக்கிறது. கிண்ணியாவின் அருகே ஒரு குறுகிய வாயிலால் அது கொட்டியாரக் குடாவுடன் இணைகிறது. அதன் சேற்றுத் தரையிலே கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் மெல்லிய தட்டைச் சிப்பி வாழ்ந்தது. மன்னார் முத்துச்சிப்பியின் வேறான இதன் முத்து சிறியது, மங்கலானது, அணிகலனுக்கு ஏற்றதன்று. மருந்துக்கும், செல்வர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பாக நீற்றுவதற்கும் அது இந்தியாவுக்கு ஏற்றுமதியாயிற்று. 1850ஆம் ஆண்டுகளிலே கெலாட் என்னும் இயற்கை விஞ்ஞானி இக்குடாவை ஆராய்ந்தார். 1858ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளிலே குத்தகைக்காரர் எடுத்த சிப்பிகள் 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையா என்று அவர் கணக்கிட்டார். அவ்வளவு முத்தும் எங்கே போயிற்று என்று கேட்டால், யாரோ சிலரின் வாய்க்குள்ளே வெற்றிலையோடு போயிற்று என்றுதான் சொல்லல் வேண்டும்.

அரசாங்கத்தார் இவ்வூரை எப்போதும் தானியக் கணக்கோடேயே நோக்கினர். திருக்கோணமலையிலே கோட்டை காத்த ஒல்லாந்தருக்குத் துறைமுகம் வேண்டியிருந்தது. துறைமுகத்துச் சேனைக்கு அரிசி வேண்டியிருந்தது. 1786ஆம் ஆண்டிலே அவர்களுடைய அதிகாரி வான் செண்டன் தம்பலகாமம், கொட்டியாரம், கட்டுக்குளம் ஆகிய பற்றுக்களைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதி வைத்தார். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனத் திருக்கோணமலையைப் புகழாத சரித்திர நூல் இல்லை. அதற்காக ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரும் பொருதனர். அந்தத் துறைமுகத்துக்குப் பின்னே, கூப்பிடு தூரத்தில் அல்லாவிடினும் வண்டிப் பயண தூரத்தில், சேற்றில் நின்று நெல் விளைத்தவர்களைப் பற்றி அந்நூல்கள் ஒரு வரி எழுதினால் அதிகம். 1927ஆம் ஆண்டிலே திருக்கோணமலைக்குப் புகையிரதம் வந்தது. தம்பலகாமத்துக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. நெல்மூட்டையும் தயிர்ச்சட்டியும் வண்டியேறின. அவற்றோடு படிக்கப் போகும் பிள்ளைகளும் ஏறினர்.

திடல் வாழ்வைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு அயர்லாந்து நாட்டுச் சிற்றூர்கள் நினைவுக்கு வருவதுண்டு. அந்நாட்டின் மேற்குக் கரையிலே கிளக்கன் எனப்படும் சிறு குடியிருப்புகள் இருந்தன. கோயிலும் கடையும் இல்லாமல், உறவினரான சில குடும்பங்களின் வீடுகள் ஓரிடத்தில் நெருங்கிக் கிடக்கும். சுற்றிலுமுள்ள நிலத்தை ரண்டேல் என்னும் முறைப்படி, நல்ல நிலமும் தீய நிலமும் யாவர்க்கும் கிடைக்குமாறு துண்டுதுண்டாகப் பங்கிட்டுப் பயிரிடுவர். கோடையிலே மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று சிறு குடில்களில் தங்குவர். பட்டி சாய்த்துச் செல்லும் நம் இளைஞருக்கு அவர்கள் அந்நியரல்லர். 1845ஆம் ஆண்டிலே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் தொடங்கியது. ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அவ்வளவு பேர் கடல் கடந்தனர். கிளக்கன்கள் பல அத்தோடு வெறுமையாயின. அச்சில் தீவிலே சிலீவ்மோர் மலையடிவாரத்தில் எண்பதுக்கு மேற்பட்ட கல்வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. இன்று அவற்றைப் பார்க்க உல்லாசப் பிரயாணிகள் செல்கின்றனர். வீட்டுக்காரரின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் இருக்கக்கூடும். ஊர் மாத்திரம் இல்லை.

தம்பலகாமமும் அவ்வாறு ஆகியிருக்கக்கூடும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரங்கூட ஆகாத வேளையில், பின்னிரவு 3 மணியளவில் கந்தளாய் அணை உடைந்தது. உறங்கிக் கிடந்த மக்கள்மேல் வெள்ளம் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகளும் ஏறக்குறைய 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. கனரக வாகனங்கள் அணையின்மீது சென்றது உடைப்புக்கு ஒரு காரணமெனக் கூறப்பட்டது. பின்னர் அணை மீளக் கட்டப்பட்டது. வெள்ளம் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பாராது அடித்துச் சென்றது. அந்நாட்களில் மனிதர் அப்படிப் பாராதிருக்கவில்லை என்பதே துயரம். போரின் கொடுமை அப்போதே தொடங்கியிருந்தது. திடல்களிலிருந்து மக்கள் பலமுறை ஓடினர். பட்டினத்திலும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினர். சிலர் கடல் கடந்தனர். 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள் தம்பலகாமத்துப் பாரதிபுரத்திலே எட்டுத் தமிழர் கொல்லப்பட்டனர். அவர்களுள் மாணவரும் இருந்தனர். இதை எழுதும்போது வகுப்பறையின் வரிசைகள் கண்முன் வருகின்றன. மேற்கொண்டு எழுத இயலவில்லை.

இத்தனைக்குப் பின்னும் ஊர் வெறுமையாகவில்லை. போகம் வந்ததும் விதைக்க ஆட்கள் வந்தனர். பட்டினத்தில் குடியிருந்தோர் காலையில் வந்து வயலைப் பார்த்து மாலையில் மீண்டனர். திருவிழாவுக்கு உரிமையுடையோர் எங்கிருந்தாலும் வந்து தம் கடமையைச் செய்தனர். திருக்கோணமலைக் குன்றின்மேல் புதிய கோணேசர் ஆலயம் எழுந்து 1963ஆம் ஆண்டிலே குடமுழுக்குக் கண்டது. அங்கே இப்போது பெருந்திரளானோர் செல்கின்றனர். ஆயினும் தம்பலகாமத்தார் தம் கோயிலின் பெயரிலுள்ள 'ஆதி' என்ற சொல்லை விட்டுக்கொடுப்பதில்லை. அணை மீளக் கட்டப்பட்டதால் நீர் வந்தது. நீர் வந்ததால் வயல் இருந்தது. கோயிற் கடமை இருந்ததால் திரும்பி வர முகாந்தரம் இருந்தது.

ஆனால் திரும்பியவர்கள் எல்லாரும் பழைய திடலுக்கே திரும்பவில்லை. வீதியோரத்திலே மின்சாரமும் பேருந்தும் பாடசாலையும் இருக்க, சேற்று வரம்பில் நடந்து போய் மேட்டில் வாழ இளையோர் விரும்புவாரா? விரும்பவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சில திடல்களுக்கு நல்ல பாதைகள் வந்துள்ளன; அவை செழிப்பாகவே இருக்கின்றன. வேறு சில வெறுந் தென்னந்தோப்புகளாகிவிட்டன. அரசாங்கப் பதிவுகளிலே கிராம அலுவலர் பிரிவின் பெயரும் எண்ணும் எழுதப்படுகின்றன. திடலின் பெயரை எழுதப் படிவத்தில் இடமில்லை.

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவரிடம், தம் பாட்டன் பாட்டி பிறந்த இடத்தின் பெயரை மட்டும் கேட்டு எழுதி வருமாறு கூறினோம். பெரும்பாலோர் ஒரு வரியில் முடித்துவிட்டனர். தம்பலகாமத்து மாணவி ஒருத்தி மாத்திரம் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அவளுடைய அம்மம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது; கண் தெரிவதில்லை. பேத்தி கேட்டதும், கோயில் வாசலிலிருந்து தொடங்கி மனத்தாலே வரம்பு வரம்பாக நடந்து, இடப்புறம் இன்ன திடல், வலப்புறம் இன்ன திடல், இங்கே வாய்க்கால், இங்கே இறங்கிக் கடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாராம். இடையிலே ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்தத் திடலின் பெயர் வாயில் வரவில்லை. அங்கே இரட்டைப் பனை நின்றது, கிணற்று நீர் இனிக்கும், தாம் புதுமணப்பெண்ணாக வந்த நாளில் அந்த வீட்டார்தாம் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் நினைவிருந்தது. மாணவி தன் ஏட்டிலே அவ்வரியை வெறுமையாக விட்டு, பக்கத்தில் பென்சிலால் 'இரட்டைப் பனை, இனிப்புத் தண்ணீர்' என்று குறித்திருந்தாள். வரும் விடுமுறையில் அடுத்த திடலில் இருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டு நிரப்பிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.